மூன்றாவது முட்டை

செங்கல்வராயனின் வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு பாடம் உண்டு. கதவைப் படாரென்று அறையக் கூடாது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து, கடைசி ஒரு சாண் இருக்கும்போது கையைத் தளர்த்தி, பூட்டு விழும் சத்தம் மட்டும் கேட்கும்படி சாத்த வேண்டும். மதுராந்தகத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இருக்கை உறை கிழியாத வண்டி, ஸ்டெப்னியில் காற்று குறையாத வண்டி, முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்து இல்லாத வண்டி என்று தேடினால் அது அவருடையதாகத்தான் இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மனிதர். செய்கிற வேலையில் ஒரு நூல் பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்குப் பெருமை இரண்டு விஷயங்களில். ஒன்று, தம்பி பார்த்திபன். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் இன்ஜினியர். மனைவி ஸ்ரீதேவி, ஆறாம் வகுப்பு போகிற மகள் சுஷ்மிதா என்று குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறான். டீக்கடையில் யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் செங்கல்வராயன் அதைத் தம்பியிடம் கொண்டுபோய் முடிப்பார். இன்னொன்று, அவர்கள் பிறந்த ஊர். வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வைக்காதவர்கள். காற்றடித்துக் கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால், பார்த்தவர் யாரானாலும் துண்டில் பொதிந்து ஏரிக் காவலரிடம் சேர்த்துவிடுவார்கள். செங்கல்வராயன் அப்படிச் சேர்த்த குஞ்சுகள் கொஞ்சமல்ல. சிறகை எப்படி மடிக்க வேண்டும், கண்ணை எப்படி மறைக்க வேண்டும், நெஞ்சில் விரல் அழுந்தாமல் எப்படித் தூக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். பறவை விஷயத்தில் தனக்கு ஒருவர் சொல்லித்தர எதுவும் இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைத்ததுண்டு.

இந்த இரண்டு பெருமைகளும் சந்தித்துக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் வந்ததே இல்லை. தம்பி வீட்டுக்கு அரிசி மூட்டையோடும் மாம்பழக் கூடையோடும் போவார், வேனைத் துடைத்து ஓரமாக நிறுத்துவார், திரும்பி வருவார். சுஷ்மிதாவின் பிறந்தநாளுக்குப் போயிருந்தபோது, மாடி வீட்டுக்காரர் ஒருவர் படிக்கட்டில் அவரைப் பார்த்து, "டிரைவர், சாப்ட்டீங்களா?" என்று கேட்டு, காகிதத் தட்டில் கேக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பார்த்திபன் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். செங்கல்வராயன் கேக்கை நின்றபடியே தின்று, தட்டை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வேண்டாவிடம்கூடச் சொல்லவில்லை. வேண்டா அவர் மனைவி. அவளிடம் அவர் மறைத்த ஒரே விஷயம் அதுதான்.

அதனால்தான் மே மாதத்தில் பார்த்திபன் போன் செய்து, குவார்ட்டர்ஸ்காரர்கள் குடும்பத்தோடு பாலாற்று முகத்துவாரத்துக்குப் பறவை பார்க்கப் போகிறோம், நீயும் அண்ணியும் வர வேண்டும் என்றபோது அவர் நாளையும் நேரத்தையும் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். "எங்க அண்ணனுக்குத் தெரியாத பறவை இல்லைன்னு ராகவன் சார்கிட்ட சொல்லி வெச்சிருக்கேண்ணா" என்று தம்பி சொன்ன வாக்கியத்தை அன்றைக்கே வேண்டாவிடம் இரண்டு தடவை ஒப்பித்துவிட்டார். சனிக்கிழமை மாலை சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டார்.

"நம்ம கல்யாணத்துக்குக்கூட இப்டி மடிப்பு எடுக்கல நீ. கொக்கு பாக்கப் போறதுக்கு இன்னாத்துக்கு இஸ்திரி?" என்றாள் வேண்டா.

"கொக்கு நம்மளப் பாக்கும்ல" என்றார் அவர்.

ஞாயிறு விடியும்போதே பவுஞ்சூர், கூவத்தூர் வழியாகக் கல்பாக்கம் போய்ச் சேர்ந்து, தம்பி குடும்பத்தையும் ராகவன் குடும்பத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டார். மற்ற இரண்டு குடும்பங்கள் காரில் பின்னால் வந்தன. ராகவன் தம்பியின் அலுவலகத்தில் மூத்தவர், கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். எதையும் மெதுவாகப் பேசுவார். முக்காலியில் பொருத்துகிற தொலைநோக்கி ஒன்றைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். சுஷ்மிதாவுக்கு எப்போதும்போல முன் இருக்கை. ஏறியதும் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கதவைப் படாரென்று அறைந்தாள். அது அவர்களுக்குள் வழக்கமான விளையாட்டு.

"வண்டி இன்னா, உங்கப்பன் வாங்கிக் குடுத்ததா?"

"ஆமா பெரிப்பா. எனக்குதான் வாங்கிக் குடுத்தாரு."

முகத்துவாரத்தில் ஆறு கடலைத் தொடவில்லை. நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் அசையாத தண்ணீர், இன்னொரு பக்கம் அலை. சவுக்குத் தோப்பு நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கியதும், பார்த்திபன் அவர் தோளில் கை வைத்தான். "இவர்தான் எங்க அண்ணா" என்றான். காரில் வந்தவர்களில் அந்த மாடி வீட்டுக்காரரும் இருந்தார். அவர் கை குலுக்கினார். செங்கல்வராயன் வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டார்.

நடக்கத் தொடங்குமுன் ராகவன் ஒன்றே ஒன்று சொன்னார். அலை தொடும் ஈர மணலில் மட்டும் நடக்க வேண்டும். மேலே காய்ந்த மணலுக்கு யாரும் ஏறக் கூடாது. வெறும் மணலில் முட்டையிடும் பறவைகள் உண்டு, இது அவற்றின் மாதம். செங்கல்வராயன் தலையை ஆட்டினார். நல்ல விஷயம்தான், இந்த டவுன்ஷிப் ஜனங்களுக்கு இப்படிச் சொன்னால்தான் புரியும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் அரைமணி நேரம் அவருடையதாக இருந்தது. தேங்கிய தண்ணீரில் நின்ற கூழைக்கடாவையும் நத்தைகுத்தி நாரையையும் தொலைநோக்கி இல்லாமலே சொன்னார். கூழைக்கடா தொண்டைப் பையில் மீனை எப்படித் தூக்கிப்போகும் என்று நடித்துக் காட்டினார். குழந்தைகள் சிரித்தார்கள். ஸ்ரீதேவி செல்போனில் படம் எடுத்தாள். ஆனால் அலையோரம் வந்ததும் ஆட்டம் மாறிவிட்டது. ஈர மணலில் சாம்பல் நிறக் குருவிகள் கூட்டமாக ஓடின, அலை வந்தால் பின்வாங்கின, திரும்ப ஓடின. எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. ராகவன் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். நண்டு வளைகளையும், மீனுக்காகத் தண்ணீரில் தலைகுப்புறப் பாயும் ஆலாப் பறவைகளையும் காட்டினார். "அது இன்னா பெரிப்பா?" என்று சுஷ்மிதா கேட்டபோது செங்கல்வராயனுக்குத் தெரியவில்லை. கேள்வி ராகவனிடம் போனது. அடுத்த கேள்வி நேராகவே அங்கே போனது.

அவர் கொஞ்சம் பின்தங்கி நடந்தார். எல்லோரும் தொலைநோக்கியைச் சுற்றி ஆலாவைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் மேட்டு மணலில் அந்தக் குருவியைக் கண்டார். கைக்குள் அடங்கும் அளவு, மணல் நிறம். ஒரு சிறகு விரிந்து தரையில் இழுபட, சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. சத்தமே போடவில்லை.

சிறகு ஒடிந்த பறவை. அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதைத் துண்டில் பொதிந்து, அத்தனை பேர் முன்னால் கொண்டுபோய் நிற்பது மட்டும் தெளிவாகத் தோன்றியது. நானும் வரேன் என்று ஓடிவந்த சுஷ்மிதாவைக் கை காட்டித் தொலைநோக்கிப் பக்கமே திருப்பி அனுப்பிவிட்டு, துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு காய்ந்த மணலில் ஏறினார்.

குனிந்து நெருங்கினால் குருவி இரண்டடி தள்ளிப் போனது. அங்கே போனால் இன்னும் கொஞ்சம். வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனபின், துண்டை வீசப் போகிற நேரத்தில், ஒடிந்த சிறகை மடக்கிக்கொண்டு சும்மா எழும்பிப் பறந்துவிட்டது. செங்கல்வராயன் துண்டும் கையுமாக நின்றார். நல்ல வேளை, அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியை விட்டுவிட்டுக் குறுக்கே திரும்பி நடந்தார். பாதி வந்ததும் குருவி மறுபடியும் காலடியில் வந்து விழுந்தது. இந்தத் தடவை இரண்டு சிறகையும் விரித்து, மணலில் புரண்டு, அவர் செருப்பைத் தொடும் தூரத்தில் துடித்தது.

இன்னொரு தடவ ஏமாத்தலாம்னு பாக்குறியா என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அதைச் சுற்றிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

செருப்புக்கு அடியில் மெல்லிய ஓடு நொறுங்கியது.

காலை எடுத்தார். உள்ளங்கை அளவுக் குழி, அதில் உடைந்த கிளிஞ்சல் துணுக்குகள் பரப்பியிருந்தன. மணல் நிறத்தில், கறுப்புக் கிறுக்கலோடு மூன்று முட்டைகள். இரண்டு நசுங்கி, மஞ்சளோடு சிவப்பு நூலாக ஓடிக் கலந்திருந்தது. மூன்றாவது முழுசாக இருந்தது.

அவருடைய அப்பா ஏர் ஓட்டும்போது ஆள்காட்டிக் குருவி முட்டையிட்ட இடம் வந்தால், அதை விட்டு வளைத்து ஓட்டுவார். அங்கே மட்டும் வட்டமாகப் புல் நிற்கும். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக் கத்தி ஊரைக் கூட்டும், சில நேரம் வரப்பில் நொண்டியும் காட்டும். அது எதற்கு என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் குருவியும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. கத்தாமல் சொல்லியிருக்கிறது. இரண்டாவது தடவை காலடியில் விழுந்தே சொல்லியிருக்கிறது.

அவர் அலையோரம் பார்த்தார். எல்லோருடைய முதுகும் அவர் பக்கம் இருந்தது. உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மணலை அள்ளிக் குழியில் போட்டார். மூன்றாவது முட்டையின் மேலும் போட்டார். உள்ளங்கையால் நிரவினார். செருப்பை மணலில் தேய்த்துத் துடைத்தார். எழுந்தபோது அங்கே ஒன்றுமே நடந்த மாதிரி இல்லை. அவர் செய்த எந்த வேலையையும் போல அதுவும் சுத்தமாக இருந்தது.

அலையோரம் திரும்பி வந்ததும், என்னண்ணா ஆச்சு என்று பார்த்திபன் கேட்டான். சிறகு ஒடிந்தது போல இருந்தது, கிட்டே போனதும் பறந்துவிட்டது என்றார். அது பொய்யில்லை. காய்ந்த மணலில் ஏறியதற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராகவனின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. அது உப்புக்கொத்தி, கூட்டுக்கு ஆள் வந்தால் அடிபட்ட மாதிரி நடித்துத் தூரமாக இழுத்துக்கொண்டு போகும், அப்படியானால் கூடு கண்டிப்பாக அங்கேதான் என்றார். முக்காலியை அந்தப் பக்கம் திருப்பினார். "நானே இந்த வருஷம் ஒரு கூடுகூடப் பாக்கல. உங்க அண்ணா வந்த அன்னிக்கே காட்டிட்டார் பாருங்க" என்றார் பார்த்திபனிடம். பார்த்திபன் சிரித்தான். பள்ளியில் முதல் பரிசு வாங்கி வந்த நாட்களில் அண்ணனைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. செங்கல்வராயனால் அதைப் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் குருவி திரும்பி வந்தது. ஓடியது, நின்றது, ஓடியது. குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று பார்த்தார்கள். உட்காந்துடுச்சு, உட்காந்துடுச்சு என்று குழந்தைகள் கிசுகிசுத்தார்கள். எழுந்துவிட்டதே, ஏன் மண்ணைக் கிளறுகிறது என்று ஒருவர் கேட்டதற்கு, முட்டையைப் புரட்டி வைக்கும் என்று ராகவன் விளக்கினார். நாலு குச்சி நட்டுத் தூரமாகக் கயிறு கட்டிவிட்டால் யாரும் மிதிக்காமல் இருப்பார்கள் என்றார். செங்கல்வராயன் வேனுக்குப் போனார். அவர் வண்டியில் கயிறு இல்லாமல் இருக்குமா? தோப்பில் விழுந்து கிடந்த சவுக்குக் குச்சிகளில் ஒரே உயரமாக நாலு பொறுக்கினார். முனையைச் சீவினார். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

திரும்பி வந்ததும் சுஷ்மிதா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்கதான் இன்னும் பாக்கவே இல்ல பெரிப்பா."

அவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். குருவி கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. அவர் நிரவிய இடத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. காலால் கிளறியது. உட்கார்ந்தது. எழுந்தது. வேறு பக்கம் போய்க் கிளறியது. திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. வெயில் ஏறிவிட்டது. அதன் அலகு திறந்து, தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டது. அடியில் மணல் சுட்டுக்கொண்டிருக்கும். அதற்கும் அடியில் முட்டை இருந்தது.

அவர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் எல்லோரையும் பார்க்க வேண்டும்.

"சார்" என்றார், கண்ணை எடுக்காமலே. "கயிறு வேணாம். முட்டைய நான் மிதிச்சிட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எல்லாமுமா?" என்றார் ராகவன்.

"ரெண்டு போச்சு. ஒண்ணு முழுசா கீது. மண்ணுக்குள்ள."

ராகவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, வாங்க என்றார். இருவரும் செங்கல்வராயனின் பழைய காலடிகள் மேலேயே நடந்து போனார்கள். குருவி எழுந்து மறுபடியும் சிறகை இழுத்துக் காட்டியது. செங்கல்வராயன் மண்டியிட்டு விரலால் மணலை ஒதுக்கினார், வாயால் ஊதினார். கிறுக்கல் தெரிந்தது. முட்டை அவர் விரலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. உடைந்த ஓடுகளை அவரே பொறுக்கித் தன் துண்டில் முடிந்துகொண்டார். குருவி திரும்ப ஏற்குமா என்று கேட்டார். சொல்ல முடியாது, பார்க்க வேண்டும் என்றார் ராகவன். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்ததும் ராகவன் எல்லோரிடமும், தெரியாமல் கால் பட்டதும் மணல் சரிந்து மூடிக்கொண்டது, யாருக்கும் நடக்கலாம் என்றார். நல்ல மனிதர். அப்படித்தான் நடந்திருக்கும் என்று அவரே நம்பிவிட்டார். செங்கல்வராயன் தலையைக் குனிந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குள் புகுந்து நின்றுகொண்டார்.

பிறகு தோப்பில் உட்கார்ந்து ஸ்ரீதேவி கட்டிவந்த புளியோதரையைச் சாப்பிட்டார்கள். ராகவன் கட்டிவிட்டு வந்த கயிற்று வளையத்துக்குள் குருவி வந்து உட்கார்ந்திருப்பதாக யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். மாடி வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் வந்து, "ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும் சார்" என்றார். சார் என்றே சொன்னார். செங்கல்வராயன் இலையை மூடினார். பார்த்திபன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "விடுண்ணா" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் பாயை உதறி மடிப்பதில் கவனமாக இருந்தான். அன்றைக்கு அவன் எங்க அண்ணா என்று யாரிடமும் இன்னொரு தடவை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பமும் வரவில்லை என்று செங்கல்வராயன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் சுஷ்மிதா முன் இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வயலூர் தாண்டியதும் திரும்பினாள்.

"கால் பட்டு மண்ணு சரிஞ்சா மேடும் பள்ளமுமாதானே பெரிப்பா இருக்கும்? நான் மொதல்ல பாத்தப்ப அங்க வழவழன்னு இருந்துச்சு. கையால தடவுன மாதிரி."

கண்ணாடியில் பார்த்திபன் தெரிந்தான். ராகவன் தெரிந்தார். வேண்டா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இல்லம்மா, சரிஞ்சதுதான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ராகவன் ஏற்கெனவே சொல்லி வைத்த வார்த்தை.

"கையாலதான் தடவுனேன்" என்றார் செங்கல்வராயன்.

"ஒண்ணு உடையாம இருந்துச்சே. அதப் பாக்கலயா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் அதயும் மூடுனீங்க?"

ஒரு லாரி அவர்களைத் தாண்டிப் போனது. அது போகும்வரை காத்திருந்தார். "யாரும் பாக்கக் கூடாதுன்னு" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னாலிருந்து யாரும் விடுங்க என்று சொல்லவில்லை. வேண்டா ஒரு தடவை தொண்டையைச் செருமினாள். குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை எப்போதும் நிறுத்துகிற இடத்தில், கோட்டுக்குள் சரியாக நிறுத்தினார். ராகவன் இறங்கி, முக்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரேங்க என்றார். ஸ்ரீதேவி பாத்திரக் கூடையை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே அக்கா என்று வேண்டாவை மட்டும் பார்த்துச் சொன்னாள். நேரமாகிவிட்டது என்றாள் வேண்டா.

சுஷ்மிதா கடைசியாக இறங்கினாள். செங்கல்வராயன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி படாரென்ற அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சொல்ல வேண்டியதையும் வாயில் தயாராக வைத்திருந்தார்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக் கதவை இழுத்தாள். கடைசி ஒரு சாண் இருக்கும்போது கையைத் தளர்த்தினாள். பூட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது.